ஷகீகா: பாதித் தலையின் வரலாறு

'ஷகீகா' என்னும் அரபுச் சொல் பிளத்தல் என்னும் பொருளுடைய வேரினின்று பிறந்தது. ஒன்றாயிருந்ததைப் பிளந்தால் கிடைக்கும் பாதி 'ஷகீக்'. ஒரே தாய் தந்தையருக்குப் பிறந்த உடன்பிறப்பையும் அரபிகள் இச்சொல்லாலேயே குறிப்பர். உடன்பிறந்தாளுக்குரிய இனிய பெயரை, மனிதனை வாட்டியெடுக்கும் ஒரு தலைநோய்க்கும் அவர்கள் இட்டு வைத்திருப்பது விந்தையே. தலையின் ஒரு பாதியைப் பற்றிக்கொண்டு மறுபாதியைத் தொடாது விடும் வலி அது. கிரேக்கர் இதனைப் 'பாதி மண்டை' எனும் பொருள்பட 'ஹெமிக்ரேனியா' என்றனர். அதுவே லத்தீன் வழியாகப் பிரெஞ்சுக்காரர் நாவில் தேய்ந்து 'மைக்ரேன்' ஆயிற்று. ஆயுர்வேத நூல்கள் கூறும் 'அர்த்தாவபேதகம்' என்ற பெயரிலும் பாதி உண்டு; பிளப்பும் உண்டு. நம் தமிழில் ஒற்றைத் தலைவலி. நான்கு மொழியினரும் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டு வைத்தாற்போல் அமைந்த பெயர்கள் இவை.

பெயர் ஒத்துப்போனதில் ஒரு தீங்கும் விளைந்தது. பாதித் தலையைப் பிடிக்கும் நோய்கள் ஒன்றல்ல. அவற்றுள் மிகக் கொடியதான ஒன்று, இந்தப் பொதுப் பெயரின் நிழலில் பல நூற்றாண்டுகள் ஒளிந்து கிடந்தது. இன்று மேனாட்டு மருத்துவர் 'கிளஸ்டர் ஹெடேக்' என்றழைக்கும் அதனை நாம் கொத்துத் தலைவலி என்போம். வலி கொத்துக் கொத்தாக, சில வாரங்களோ சில மாதங்களோ நாள்தோறும் வந்து, பின்னர் சொல்லாமல் மறைந்து, அடுத்த பருவத்தில் மீண்டும் வருவதால் அப்பெயர். ஆயிரம் பேரில் ஏறத்தாழ ஒருவருக்கு வரக்கூடியது என்பது மருத்துவர்களின் கணக்கு. அந்த ஒருவர் எவரென்று கண்டறிய வேண்டிய பொறுப்பு மற்றவர்க்கும் உண்டு என்று கருதுவதாலேயே இக்கட்டுரையை எழுதலானோம்.

நோயின் இயல்பை முதலில் கூறிவிடுவோம். ஒரு கண்ணின் பின்னாலோ, கண்ணுக்கு மேலோ, அதே பக்கத்து நெற்றிப்பொட்டிலோ வலி எழும். சில நிமிடங்களுக்குள் உச்சத்தை எட்டிவிடும். பழுக்கக் காய்ச்சிய கம்பியைக் கண்ணுக்குள் செருகினாற்போல் என்று பட்டவர் கூறுவர். அந்தப் பக்கத்துக் கண் சிவந்து நீர் வடிக்கும். இமை தளர்ந்து தொங்கும். மூக்கடைக்கும், அன்றேல் ஒழுகும். கால் மணி முதல் மூன்று மணி நேரம் வரை நீடித்துவிட்டு, வந்த வேகத்திலேயே அகலும். ஒரு நாளில் எட்டு முறை வரையிலும் வருவதுண்டு. கண்ணயர்ந்து ஒன்றிரண்டு மணி நேரத்திற்குள் தட்டி எழுப்புவது இதன் வழக்கம். இன்று இரவு ஒன்றரை மணிக்கு வந்ததெனில் நாளையும் அதே ஒன்றரைக்கு வரும். கடிகாரத்திற்குச் சாவி கொடுத்தவன் எவனோ, இந்நோய்க்கும் அவனே சாவி கொடுத்தானோ என எண்ணத் தோன்றும்.

மைக்ரேன் எனும் ஒற்றைத் தலைவலிக்கும் இதற்கும் உள்ள பெரிய வேற்றுமை வலியின் அளவில் இல்லை. வலிப்பவரின் நடத்தையில் இருக்கிறது. ஒற்றைத் தலைவலிக்காரர் கதவை அடைத்து, விளக்கை அணைத்து, அசையாது படுத்துவிடுவார். கொத்துத் தலைவலிக்காரரால் படுக்க இயலாது. எழுவார், நடப்பார், தலையைப் பிடித்துக்கொண்டு முன்னும் பின்னும் ஆடுவார், சுவரில் முட்டிக்கொள்ளவும் செய்வார். இந்த வேற்றுமையை வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறோம். வரலாற்றில் இதனைக் கொண்டே வழி கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் வாயிலாக இமாம் புகாரி (ரஹ்) அவர்களின் தொகுப்பில், மருத்துவம் பற்றிய பகுதியில், ஒரு செய்தி காணப்படுகிறது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் இஹ்ராம் அணிந்த நிலையில், 'லஹ்யு ஜமல்' எனும் நீர்நிலையருகே, ஷகீகாவின் காரணமாகத் தம் தலையில் குருதி உறிஞ்சி எடுக்கும் ஹிஜாமா சிகிச்சை செய்துகொண்டார்கள் என்பது அச்செய்தி. சட்ட அறிஞர்கள் இதிலிருந்து இஹ்ராமுடைய நிலையில் சிகிச்சை பெறுவதன் விதிகளை எடுத்தனர். நமக்கு இதில் வேறொன்றும் தென்படுகிறது. வலி வந்தபோது அதனைப் பொறுமைக்குரிய சோதனை என்று மட்டும் விட்டுவிடாமல், அக்கால அரபகத்தில் வழக்கிலிருந்த சிகிச்சையை, வணக்கத்தின் நடுவிலும் அண்ணலார் நாடினார்கள். அந்த ஷகீகா இன்றைய எந்த நோய் என்று ஆராய்ந்து பெயர் சூட்டுவது நம் வேலையன்று. அதற்கான சான்றும் இல்லை. ஆனால் இச்செய்தியைக் காட்டி, எல்லாத் தலைவலிக்கும் ஹிஜாமா ஒன்றே போதும், மருத்துவமனைப் பக்கம் போகத் தேவையில்லை என்று இன்று சிலர் பரப்புவது, அச்செய்தியின் கருத்துக்கு நேர்மாறானது என்பதைச் சொல்லியே ஆக வேண்டும்.

பாக்தாதில் ஹுனைன் இப்னு இஸ்ஹாக்கும் அவர்தம் குழுவினரும் ஒன்பதாம் நூற்றாண்டில் ஜாலீனூஸ் எனும் கேலனின் நூல்களை மொழிபெயர்த்தபோது, கிரேக்கரின் 'பாதி மண்டை' அரபியரின் 'ஷகீகா'வோடு ஒன்றாய்க் கலந்தது. அதன் பின்னர் எழுந்த மருத்துவ நூல்களில் ஷகீகாவுக்குத் தனி இடமுண்டு. இப்னு ஸீனா (980–1037) தம் 'கானூன்' நூலின் மூன்றாம் புத்தகத்தைத் தலையிலிருந்தே தொடங்கிக் கால்வரை இறங்குகின்றார். ஷகீகாவைக் கூறுவதோடு, தலை முழுவதையும் தலைக்கவசம்போல் கவிந்துகொள்ளும் நாட்பட்ட வலியொன்றையும் அவர் தனியே பிரித்து எழுதுகின்றார். அவ்வலிக்காரன் சிறு ஓசையையும் பொறான். வெளிச்சத்தையும் பிறர் பேச்சையும் வெறுப்பான். இருளிலும் தனிமையிலும் ஓய்ந்து கிடக்கவே விரும்புவான் என்று அவர் தீட்டிக் காட்டும் சித்திரத்தை, இன்றைய ஒற்றைத் தலைவலிக்காரர் எவர் படித்தாலும் தம்மையே அதில் காண்பார்.

'இப்னு ஸீனா அறியாத நோய் இல்லை. கொத்துத் தலைவலியையும் அவரே கண்டறிந்தார்' என்று எழுதிவிட நம் போன்றோருக்கு ஆசையுண்டு. எழுதினால் கைதட்டவும் ஆளுண்டு. ஆயினும் நாம் அவ்வாறு எழுதத் துணியவில்லை. கானூனின் நோயாளி இருளில் படுத்துக் கிடக்கின்றான். நாம் தேடும் நோயாளியோ நள்ளிரவில் எழுந்து உலாவுகின்றான். நாள்தோறும் அதே மணிக்கு வருவதும், ஒரு கண் மட்டும் நீர் சொரிவதும், இரண்டு மணியில் மறைவதும் சேர்ந்த முழு உருவம் அங்கே நமக்குக் கிட்டவில்லை. இதனால் அப்பெருந்தகையின் புகழுக்கு ஒரு மாற்றும் குறைந்துவிடாது. முன்னோர் சொல்லாததைச் சொன்னார் என்று ஏற்றிக் கூறுவது அவர்களுக்குச் செய்யும் மரியாதை ஆகாது. அவர்கள் உண்மையாகவே சொன்னதைப் படிக்காமல் விடுவதற்கு அது ஒரு சாக்காகவே முடியும்.

குர்துபாவுக்கு அண்மையிலிருந்த மதீனத்துஸ் ஸஹ்ராவைச் சேர்ந்த அபுல் காஸிம் அஸ்ஸஹ்ராவி, தம் 'தஸ்ரீஃப்' நூலின் முப்பதாம் பகுதியை அறுவை மருத்துவத்திற்கே ஒதுக்கியவர். ஷகீகாவுக்கு அவர் கூறும் சிகிச்சைகளைப் படிக்கும்போது நமக்கே நெற்றிப்பொட்டில் சுரீரென்கிறது. பழுக்கக் காய்ச்சிய இரும்பால் வலிக்கும் பொட்டில் சூடு போடுவது ஒன்று. மற்றொன்று பூண்டு வைத்தியம். பொட்டில் தோலைக் கீறி, தோலுக்கடியில் ஒரு பூண்டுப் பல் நுழையுமளவுக்கு இடம் செய்து, தோலுரித்த பல்லை அதனுள் செருகிக் கட்டிவிடுவர். பதினைந்து மணி நேரம் கழித்து எடுத்துவிட்டு, இரண்டு மூன்று நாள் புண்ணை அப்படியே விட்டு, பிறகு நெய் தோய்த்த பஞ்சை வைத்துச் சீழ் கண்டபின் ஆற்றுவர். நெற்றிப்பொட்டில் துடிக்கும் நாடிகளை அறுத்துக் கட்டும் முறையையும் அவர் விவரிக்கின்றார். கொடுமை என்று நாம் நினைக்கலாம். ஆனால் இருபதாம் நூற்றாண்டிலும் மேனாட்டு அறுவை மருத்துவர் சிலர், அதே நாடியைக் கட்டியும் முகத்து நரம்பை அறுத்தும் இதே வலியைத் தணிக்க முயன்றனர் என்பதையும் உடன் நினைக்க வேண்டும். வலியின் கொடுமைதான் சிகிச்சையின் கொடுமையை ஏற்கச் செய்தது.

இவற்றுக்கெல்லாம் முந்திய ஒரு வைத்தியம் மீன் வைத்தியம். உரோமாபுரியில் மன்னன் கிளாடியஸ் காலத்து மருத்துவர் ஸ்கிரிபோனியஸ் லார்கஸ், தொட்டால் கை மரத்துப்போகும் மின்சாரத் திருக்கை மீனை உயிரோடு தலைமீது வைக்குமாறு எழுதினார். கேலன் செத்த மீனையும் உயிர் மீனையும் வைத்துப் பார்த்து, உயிர் மீனுக்கே பயன் உண்டென்று கூறினார். செத்ததையும் வைத்துப் பார்த்தார் என்பதில்தான் நமக்குச் சுவை. ஒப்பிட்டுப் பார்க்கும் புத்தி அங்கே முளைவிடுகிறது.

கொத்துத் தலைவலியின் தெளிவான முதற்சித்திரங்களில் ஒன்று ஆலந்து நாட்டில் கிடைக்கிறது. ஓவியர் ரெம்ப்ராண்ட் 1632-இல் தீட்டிய உடற்கூற்றுப் பாட ஓவியத்தில், பிணத்தருகே நின்று விளக்கும் மருத்துவரை வாசகர்கள் படத்தில் கண்டிருக்கலாம். அவர் ஆம்ஸ்டர்டாம் நகரத்து நிக்கோலாஸ் துல்ப். அவர் 1641-இல் வெளியிட்ட மருத்துவக் குறிப்புகளில், கோடைத் தொடக்கத்தில் ஒருவருக்கு நாள்தோறும் குறித்த மணியில் வந்து குறித்த மணியில் நீங்கிய தலைவலியைப் பதிந்து வைத்திருக்கின்றார். இரண்டு மணி நேரத்திற்கு மேல் அது நீடித்தது அரிது. எஞ்சிய நேரத்தில் காய்ச்சலோ, நாடியில் கோளாறோ எதுவுமில்லை. பதினான்காம் நாள்வரை வந்துவிட்டு நின்றுபோயிற்று. அடுத்த நூற்றாண்டில், 1745-இல், ஆஸ்திரியப் பேரரசி மரியா தெரேசாவின் மருத்துவரான வான் ஸ்வீட்டன் எழுதியது இன்னும் தெளிவானது. உடல் வலுவுள்ள நடுவயதினர் ஒருவருக்கு, நாள்தோறும் அதே வேளையில், இடது கண்ணுக்கு மேல் ஒரே இடத்தில் வலி தொடங்கும். கண் குழியிலிருந்து பிதுங்கி வெளிவருவதுபோல் தோன்றிப் பித்துப் பிடிக்குமளவுக்கு முற்றும். சில மணிகளில் ஒன்றுமே நடவாததுபோல் நீங்கிவிடும். வான் ஸ்வீட்டன் வகுத்த இச்சித்திரம் இன்றைய மருத்துவ வரையறையோடு ஏறக்குறையப் பொருந்துகிறது. எழுதியவருக்குத் தாம் எதனைக் கண்டோம் என்பது தெரிந்திராது. படித்தவர்க்கும் தெரியவில்லை. நூல் அலமாரியில் அது இருநூறு ஆண்டுகளுக்கு மேல் உறங்கியது.

இலண்டன் மருத்துவர் வில்ஃபிரெட் ஹாரிஸ் 1926-இல் இந்நோயைத் தனித்துப் பிரித்து எழுதினார். அமெரிக்காவில் மின்னசோட்டா மாநிலத்து மேயோ மருத்துவமனையின் பேயார்ட் ஹார்ட்டனும் துணைவரும் 1939-இல் வெளியிட்ட கட்டுரையே உலகின் கவனத்தை ஈர்த்தது. தம் நோயாளிகள் உயிரை மாய்த்துக்கொண்டுவிடாதபடி அவர்களுள் சிலரைக் கண்காணித்தே வைக்க வேண்டியிருந்தது என்றும், வலி நீங்குமெனில் எந்த அறுவைக்கும் அவர்கள் உடன்பட ஆயத்தமாயிருந்தனர் என்றும் அவர் எழுதினார். ஸஹ்ராவியிடம் பூண்டுக்குப் பொட்டைக் காட்டியவரை இங்கே மறுபடி காண்கிறோம். உடலில் ஊறும் ஹிஸ்டமின் எனும் பொருளே காரணம் என ஹார்ட்டன் நம்பினார். ஹிஸ்டமினையே சிறுசிறு அளவில் ஊசியாக ஏற்றிவந்தால் உடல் அதற்குப் பழகிவிடும், நோய் அகலும் என்றார். பலர் குணமடைந்ததாகவும் தெரிவித்தார். உலகெங்கும் மருத்துவர் அதனைக் கைக்கொண்டனர். 'கொத்து' எனும் பெயர் வந்தது 1952-இல், சார்ல்ஸ் குங்கிளும் துணைவரும் எழுதிய கட்டுரையால்.

பின்னர் வந்த ஆய்வாளர் ஒப்பிட்டு நோக்கியபோது ஹிஸ்டமின் சிகிச்சைக்கு நின்று பிடிக்கும் பயன் காணப்படவில்லை. அப்படியாயின் ஹார்ட்டனின் நோயாளிகள் குணமடைந்தது பொய்யா? பொய்யன்று. அவர்கள் குணமடைந்தார்கள், ஆனால் ஊசியால் அன்று. இந்நோய் தானே வரும், தானே போகும். வலி உச்சத்தில் இருக்கும் வாரத்தில் மருத்துவரைத் தேடி ஓடுகிறோம். அவர் எதனைக் கொடுத்தாலும், அடுத்த சில வாரங்களில் அந்தக் கொத்து தானே முடிவுக்கு வந்துவிடும். கடைசியாகச் செய்தது எதுவோ அதற்கே பெருமை சேரும். துல்ப் கண்டவருக்குப் பதினான்காம் நாளில் நின்றதே, அதற்கு முந்திய நாள் பூண்டு செருகியிருந்தால் பூண்டு வென்றிருக்கும். சூடு போட்டிருந்தால் சூடு வென்றிருக்கும். பல்லைப் பிடுங்கியிருந்தால் பல்தான் காரணம் என்றாகியிருக்கும். தாயத்தும் தகடும் இதே வழியில்தான் பெயர் எடுக்கின்றன. படித்த மருத்துவரும் பாமர வைத்தியரும் ஒருங்கே ஏமாறத்தக்க நோய் இது.

இந்த ஏமாற்றத்திலிருந்து தப்பும் வழியை ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்னரே ஒருவர் காட்டியிருந்தார் என்பதே நமக்குப் பெருமை தரும் செய்தி. ரய் நகரத்திலும் பாக்தாதிலும் மருத்துவமனைத் தலைவராயிருந்த அபூபக்கர் முஹம்மத் இப்னு ஸகரிய்யா அர்ராஸி (மறைவு 925) அவர். அவர் மறைவுக்குப் பின் அவருடைய குறிப்புகளிலிருந்து தொகுக்கப்பட்ட 'அல்ஹாவி'யில், மூளைக் காய்ச்சலாகிய 'ஸிர்ஸாம்' நெருங்கும் அறிகுறி கண்டவர்களைப் பற்றி எழுதுகின்றார். குருதி வாங்குதல் அதனைத் தடுக்குமா என்றறிய, ஒரு பிரிவினருக்குக் குருதி வாங்கினார். மற்றொரு பிரிவினருக்கு, வேண்டுமென்றே, வாங்காது விட்டார். பின்னர் இரு பிரிவினரையும் ஒப்பிட்டார். குருதி வாங்குதல் பற்றி அவர் வந்தடைந்த முடிவு இன்றைய மருத்துவத்திற்கு ஒவ்வாது. ஆனால் 'கொடுத்தவன் பிழைத்தான்' என்பது சான்றாகாது, 'கொடுக்காதவன் என்ன ஆனான்' என்பதையும் பார்க்க வேண்டும் என்ற எண்ணம் அங்கே பிறந்துவிட்டது. கேலனைத் தம் ஆசானாகப் போற்றிய அவரே கேலன்மீது தமக்கெழுந்த ஐயங்களைத் தனி நூலாகவும் எழுதினார்.

இடையே ஒன்று சொல்லத் தோன்றுகிறது. இளவேனிலில் ரோஜா மலரும்போது அபூ ஸைத் அல்பல்கீ எனும் பேரறிஞருக்கு மட்டும் மூக்கு ஒழுகுவதேன் என்று ராஸி ஒரு சிறு நூல் எழுதியிருக்கின்றார். பருவத்தோடு வந்து பருவத்தோடு போகும் நோயைப் பருவத்தோடு சேர்த்தே பார்த்த கண் அது. கொத்துத் தலைவலிக்காரர் ஒருவர் அவர் முன் அமர்ந்து, 'ஆண்டுதோறும் இதே மாதம், இதே மணி' என்று சொல்லியிருந்தால், என்ன எழுதியிருப்பார் என்று நாம் எண்ணிப் பார்ப்பதுண்டு.

ஹிஸ்டமின் வீழ்ந்தது, ஆனால் ஹார்ட்டனின் குறிப்புகளிலேயே மற்றொரு மருந்து கிடந்தது. ஆக்ஸிஜன் என்று நாம் வழங்கும் பிராணவாயுவைத் தூய நிலையில் சுவாசிக்கச் செய்தால் வலி தணிவதை 1950-களில் அவர் குறித்திருந்தார். பெரிதாக எவரும் பொருட்படுத்தவில்லை. கலிபோர்னியாவில் தலைவலி மருத்துவமனை நடத்திய லீ குட்ரோ 1981-இல் அதனை முறையாகச் சோதித்து வெளியிட்டார். நிமிடத்திற்கு 7 லிட்டர் வீதம் 15 நிமிடம் பிராணவாயு சுவாசித்த 52 பேரில் நான்கில் மூன்று பங்கினருக்குப் பயன் கிட்டியது. குட்ரோவும் இந்நோயால் வருந்தியவரே என்பர். அதுவும் போதாது, ஒப்பிட வேண்டும் என்ற ராஸியின் கேள்வி எஞ்சி நின்றது. 1985-இல் ஃபோகன் என்பவர், எது பிராணவாயு, எது வெறும் காற்று என்பது நோயாளிக்கும் மருத்துவருக்கும் தெரியாதவாறு இரண்டையும் மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்தார். பிராணவாயுவே வென்றது. 2009-இல் இலண்டனிலிருந்து கோஹன், பர்ன்ஸ், கோட்ஸ்பி ஆகியோர் வெளியிட்ட ஆய்வு ஐயத்திற்கு இடமே வைக்கவில்லை. நிமிடத்திற்கு 12 லிட்டர் வீதம் 15 நிமிடம் பிராணவாயு பெற்ற வேளைகளில் நூற்றுக்கு 78-இல் வலி தீர்ந்தது. வெறும் காற்று பெற்ற வேளைகளில் நூற்றுக்கு 20-இல் மட்டுமே.

இந்த இருபதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். வெறும் காற்றுக்கும் இருபது உண்டு. தகட்டின் கணக்கும் தாயத்தின் கணக்கும் இந்த இருபதுக்குள்தான் அடங்கியிருக்கின்றன.

ஊசி மருந்தான சுமாட்ரிப்டான் 1991-இல் இவ்வாறே சோதிக்கப்பட்டது. தோலுக்கடியில் 6 மில்லிகிராம் ஏற்றிய 15 நிமிடத்தில் நூற்றுக்கு 74 தாக்குதல்கள் தணிந்தன; வெற்று ஊசியில் 26. வலி வந்தபின் அடக்குவன இவ்விரண்டும். வராமல் தடுக்க, இதய நோய்க்கெனப் பிறந்த வெராபமில் மாத்திரை முதலிடம் பெற்றது. இத்தாலியில் 2000-ஆம் ஆண்டு வெளிவந்த ஆய்வொன்றில் நாளொன்றுக்கு 360 மில்லிகிராம் உண்ட 15 பேரில் 12 பேருக்குத் தாக்குதல்கள் பாதியாகவோ அதனினும் மிகுதியாகவோ குறைந்தன. வெற்று மாத்திரை உண்ட 15 பேரில் ஒருவருக்கும் குறையவில்லை. மனநோய்க்குத் தரும் லித்தியம் 1970-களிலிருந்து, ஓயாது நீடிக்கும் வகைக்குப் பயன்பட்டு வருகிறது. 2019-இல் கால்கனெசுமாப் எனும் ஊசிக்கு அமெரிக்கா இசைவு தந்தது. மாத்திரை நிலைத்த பயன் தருமுன் இடைப்பட்ட நாட்களைக் கடத்தச் சில வாரம் ஸ்டீராய்டு கொடுப்பதும் உண்டு. இவற்றில் எதனையும் பெட்டிக் கடை மருந்துபோல் வாங்கி உண்ணலாகாது. வெராபமில் கூட்டும்போதெல்லாம் இதயத் துடிப்பை வரைபடம் எடுத்துப் பார்க்க வேண்டும். லித்தியத்திற்கு இரத்தத்தில் அளவு பார்க்க வேண்டும். இதய நாளக் கோளாறுடையோர் சுமாட்ரிப்டானை நெருங்கலாகாது. நம் வீடுகளில் கைக்கெட்டும் சாதாரண வலி மாத்திரைகளோ இந்நோய்க்கு உதவா. அவை இரைப்பையில் கரைந்து வேலை தொடங்குமுன் வலி தன் நேரத்தை முடித்துக்கொண்டு போய்விடும். மாத்திரை பேர் வாங்கிக்கொள்ளும்.

நோயின் கடிகாரம் எங்கிருக்கிறது என்பதும் ஒருவாறு புலப்பட்டது. 1998-இல் இலண்டனில் ஆர்னே மேயும் துணைவரும், வலி தாக்கும் வேளையில் மூளையைப் படமெடுத்தபோது, ஹைப்போதலாமஸின் பின்பகுதியில் கிளர்ச்சி தென்பட்டது. உறக்கத்தையும் விழிப்பையும், இரவு பகலையும் உடலுக்கு உணர்த்தும் பகுதி ஹைப்போதலாமஸ். பகலின் நீளம் மாறும் பருவங்களை ஒட்டிக் கொத்துக்கள் மிகுவதும், நள்ளிரவில் மணி தவறாமல் வருவதும் இதனால் ஓரளவு பொருள் பெறுகின்றன. கொத்து நடக்கும் நாட்களில் மது ஒரு மிடறு உள்ளே போனாலும் வலி எழும் என்பது நெடுநாளாக அறிந்தது. நம்மவர்க்கு அவ்வாயில் மார்க்கத்தால் அடைபட்டது. ஆனால் பீடியும் சிகரெட்டும் அடைபடவில்லை. இந்நோயாளருள் புகைப்போர் மிகுதி என்பதும் பதிவாகியிருக்கிறது. புகையை விட்டால் நோய் விட்டுவிடும் என்று உறுதி கூற முடியாதெனினும், பக்கத்தில் பிராணவாயு உருளையை வைத்துக்கொண்டு தீக்குச்சி கிழிப்பது எத்தகைய அறிவீனம் என்பதை விளக்க வேண்டியதில்லை.

இவ்வளவு தெளிவான மருந்து இருந்தும் அது எல்லார்க்கும் எட்டிவிடவில்லை. பிராணவாயுவுக்கு எவரும் தனியுரிமை கோர முடியாது. ஆதலால் அதனை விளம்பரம் செய்ய எந்தக் கம்பெனிக்கும் அக்கறையில்லை. பணம் படைத்த அமெரிக்காவிலேயே, முதியோருக்கான அரசுக் காப்பீடு 2011-இல், ஆய்வில் சேர்ந்தவர்க்கன்றி இந்நோய்க்கு வீட்டில் பிராணவாயு வழங்கச் செலவு தர மறுத்தது. 2009-இன் ஆய்வு வெளிவந்து இரண்டாண்டுக்குள் நடந்த கூத்து இது. அத்தடை நீங்க 2021 வரை ஆயிற்று. பெண்களின் நிலை இன்னும் வருந்தத்தக்கது. ஆண்களுக்கே உரிய நோய் என்று நெடுநாள் கருதி வந்ததால், அதே வலியோடு வந்த பெண்களுக்கு ஒற்றைத் தலைவலி என்றோ மனக்கோளாறு என்றோ பெயர் சூட்டி அனுப்பிவிட்டனர். இன்றைய கணக்கில் மூன்று ஆண்களுக்கு ஒரு பெண் எனும் அளவில், அதனினும் நெருங்கியும், அவர்கள் எண்ணிக்கை தெரிகிறது.

நம் நண்பர் ஒருவர் துணி வாணிபம் செய்பவர். பங்குனி பிறந்தால் அவர் முகம் வாடத் தொடங்கிவிடும். வலப்பக்கத்து மேல்வரிசையில் இரு கடைவாய்ப் பற்களை இந்நோய்க்குக் காணிக்கையாக்கியவர். பீனிசம் என்று சொல்லி மூக்கைக் கழுவினார்கள். பார்வைக் குறை என்று மூக்குக் கண்ணாடி மாட்டினார்கள். ஓர் ஊரில் பொட்டில் சூடும் போட்டார்கள். ஒவ்வொன்றும் சித்திரை நடுவில் 'பலித்தது'. அடுத்த பங்குனியில் பொய்த்தது. பதினோராண்டு இப்படிக் கழிந்தபின், நரம்பியல் மருத்துவர் ஒருவர் அவரிடம் கேட்டது ஒரே கேள்வி: 'வலி வரும்போது படுத்துக் கிடப்பீர்களா, எழுந்து நடப்பீர்களா?' நடப்பேன் என்றார் நண்பர். எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம், எந்தக் கண் என்று ஒரு மாதம் ஏட்டில் குறித்து வரச் சொன்னார் மருத்துவர். தலையை ஒருமுறை படமெடுத்து, உள்ளே வேறு கட்டியோ கோளாறோ இல்லை என்றும் உறுதி செய்துகொண்டார். அந்த ஏட்டை நாம் பார்த்திருக்கிறோம். இரவு 1.40, 1.35, 1.40, 1.45 என்று வரிசையாக எழுதியிருக்கும். துல்ப் பார்த்திருந்தால் தம் நோயாளியை அடையாளம் கண்டிருப்பார்.

இப்போது மாசிக் கடைசியிலேயே, மருத்துவர் எழுதிக் கொடுத்த சீட்டைக் காட்டி, உருளை ஒன்றை வாடகைக்கு எடுத்துக் கட்டிலுக்கருகே வைத்துக்கொள்கின்றார். காற்றுப் பை பொருத்திய முகமூடியாக இருக்க வேண்டும், மூக்கில் செருகும் குழாய் போதாது, விசையை 12 லிட்டருக்குக் குறையாமல் திறக்க வேண்டும், வலி முற்றுமுன் தொடங்க வேண்டும் என்பன அவர் நமக்குச் சொன்னவை. நுரையீரல் நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேளாமல் இதில் இறங்கக் கூடாது என்பதனை நாம் சேர்த்துச் சொல்கிறோம். போன பங்குனியில் ஓரிரவு நாம் அவர் வீட்டில் தங்க நேர்ந்தது. ஒன்றே முக்கால் மணியளவில் அடுத்த அறையில் காற்றுச் சீறும் ஒலி கேட்டது. எட்டிப் பார்த்தோம். கட்டில் விளிம்பில் முன்னால் குனிந்து அமர்ந்து, முகமூடியை இரு கைகளாலும் அழுத்திப் பிடித்திருந்தார். கையால் சைகை காட்டி எம்மை அமரச் சொன்னார். பதினான்கு நிமிடமாயிற்று. முகமூடியைக் கழற்றிவிட்டு, நீர் வடிந்த வலக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஏட்டை எடுத்து மணியைக் குறித்தார். 'சுபுஹுக்கு இன்னும் நேரமிருக்கிறது, போய்ப் படுங்கள்' என்றார்.